புக்கிட் ரோத்தானில் பிஸ்டன் மழை

ஷாமளா மடிக்கணினிக்குள் உடைத்த முதல் பிஸ்டன், பக்கத்து வீட்டுச் சந்திரிகாவின் கூரைத் தகரத்தைப் பொத்துக்கொண்டு சாம்பார்ச் சட்டியில் விழுந்தது. சாம்பார் கெடவில்லை, கொஞ்சம் பெட்ரோல் வாடை, அவ்வளவுதான். தோட்டத்து லயங்கள் போய் வரிசை வீடுகள் வந்த அந்த மலேசியத் தாமான் குடியிருப்பில் அதுவரை கூரையிலிருந்து விழுந்தவை பூனையும் பல்லியும் மட்டுமே என்பதால் எல்லாரும் வந்து பார்த்தார்கள். ரவாங் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ஷாமளா, கப்சாய் என்னும் சின்ன மோட்டார் சைக்கிளின் எஞ்சினைப் பந்தயத்துக்கு ஏற்றபடி கட்டக் கற்றுக்கொண்டிருந்தாள். எந்தப் பட்டறையும் அவளை உள்ளே விடாததால் ஒரு சிமுலேஷன் மென்பொருளை இறக்கிக்கொண்டாள். அதில் சிலிண்டரைப் பெரிதாக்கலாம், நிமிஷத்துக்கான சுற்றைக் கூட்டலாம். தப்பாகக் கட்டினால் எஞ்சின் திரையில் வெடிக்கும், துண்டுகள் தாமானில் விழும். இரண்டாவது விஷயம் மென்பொருளின் விளக்கத்தில் இல்லை.

ஒரு வருஷம் இப்படியே போனது. ஷாமளா வீட்டு ஹால் கூரையிலும் ஓர் ஓட்டை விழுந்தது. பெண்கள் ஹெல்மெட் போட்டுக்கொண்டு துணி காயப்போட்டார்கள். பழைய இரும்பு வாங்கும் சைஃபுதீன் உலு யாமிலிருந்து லோரியை நேரே இங்கே விட்டார். அலுமினியம் சுத்தம் என்று மரியாதையாகச் சொன்னார். சந்திரிகா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்பாள்: "ஷாமு, இன்னிக்கு எப்ப வெடிக்கப் போற? துணி எடுக்கணும்லா."

"வெடிக்காதுக்கா. பன்னெண்டாயிரம் சுத்துதான்."

"நேத்தும் இதத்தான் சொன்ன. என் ரோஜாத் தொட்டி போச்சு."

தொட்டி போனதைக்கூட மன்னித்தார்கள். ஒவ்வொரு துண்டுக்குப் பின்னாலும் வந்த குளிர் காற்றைத்தான் யாருக்கும் பிடிக்கவில்லை.

குடியிருப்போர் சங்கத் தலைவர் புவனேசன், தேநீர் கேட்பதற்குக்கூட "இந்த நல்ல வேளையில்" என்று தொடங்குபவர். நாலு சங்கங்களுக்குத் தலைவர். அதில் ஒன்றுக்கு வேறு உறுப்பினர் கிடையாது. அவருடைய பிறந்தநாள் பதாகையில், அவர் படத்தின் மூக்கிலேயே ஒரு வால்வு குத்தி நின்றதும் கூட்டம் போட்டுவிட்டார். இன்னும் ஒரே ஒரு சோதனை. அதில் ஒரு திருகாணி விழுந்தாலும் மடிக்கணினி சங்கத்தின் ஸ்டோருக்குப் போகும் என்று தீர்மானம். "பொம்பளப் பிள்ள, கேக் செய்யக் கத்துக்கட்டுமே. கேக் வெடிக்காது" என்றார்.

"உங்க பேச்சத் தாங்கிக்கிட்ட தாமான், தலைவரே, இதையும் தாங்கும்" என்றாள் ஷாமளா. கைதட்டல் அவளுக்குத்தான். ஆனாலும் அன்று அவள் சாப்பிடவில்லை.

விடை எண்ணெய்ப் பாட்டிலில் இருந்தது. ஷாமளாவின் அம்மா தங்கமணி, கெட்டியாகிவிட்ட தேங்காய் எண்ணெயை வெயிலில் தூக்கிப் பிடித்துத் திட்டிக்கொண்டிருந்தார்: "இந்த ஊர்ல எண்ணெய் உறைஞ்சு பாத்திருக்கியாடி? தலைக்கு வைக்க முடியல. எந்த ஊர்க் காத்துடி இது?"

ஷாமளா உள்ளே ஓடிப் பார்த்தாள். மென்பொருளில் காற்றின் வெப்பம் பதினைந்து பாகை என்று இருந்தது. அதைச் செய்தவர்களின் ஊர்க் குளிர். அவள் பெட்ரோல் விட்டதோ நம்மூர்ப் பட்டறைக் கணக்கில். அடர்ந்த குளிர் காற்றுக்கு அந்தப் பெட்ரோல் போதாமல் ஒவ்வொரு பிஸ்டனும் சூடேறி உருகியிருக்கிறது. பதினைந்தை அழித்து முப்பத்து மூன்று போட்டாள். கூடவே ஈரப்பதத்தையும், மதியம் முதுகில் சட்டை ஒட்டுகிற அளவுக்கு.

கடைசிச் சோதனைக்கு ஷாமளா வீட்டு ஹாலில் தாமானே ஹெல்மெட்டோடு கூடியது. புவனேசன் மடிக்கணினிக்கு ரிப்பன் கட்டி, தானே வெட்டினார். எஞ்சின் எட்டாயிரம் தாண்டியது, பத்தாயிரம் தாண்டியது. சந்திரிகா கண்ணை மூடிக்கொண்டாள். பன்னெண்டாயிரத்தில் நின்று பாடியது. ஒன்றும் விழவில்லை, தங்கமணி கையிலிருந்த பாட்டிலில் எண்ணெய் தண்ணீராகவே ஆடியது. "எம்மவ கட்டுனது" என்றார், யாரும் கேட்காமலே.

"இந்த நல்ல வேளையில், நமது சங்கத்தின் கண்டுபிடிப்பான..." என்று புவனேசன் எழுந்தபோது, கூரை ஓட்டை வழியாக முழு எஞ்சின் ஒன்று, அவசரமில்லாமல், இளஞ்சூட்டோடு இறங்கி, தலைவருக்கென்று துண்டு போட்டு வைத்திருந்த நாற்காலியில் உட்கார்ந்தது. அதை எழுந்திருக்கச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. தலைவர் மீதிப் பேச்சையும் நின்றுகொண்டே பேசி முடித்தார்.

இப்போது அந்த எஞ்சின் பந்தயத்தில் ஓடுகிறது. முன்பு உள்ளே விடாத பட்டறைக்காரர்கள் ஷாமளாவை அக்கா என்கிறார்கள். போன வாரம் கூரை ஓட்டையை அடைக்க ஆள் வந்தான். ஷாமளா அடுத்து நாலு சிலிண்டர் எஞ்சின் கட்டுகிறாள் என்று சொல்லி, ஓட்டையை இன்னும் கொஞ்சம் பெரிதாக வெட்டச் சொன்னார் தங்கமணி.