ஜோடிக்காரனின் தோள்

என் கணவர் ஜேபஸ் சட்டசபைக்குப் போன பிறகும் நாற்காலியில் நிம்மதியாக உட்கார்ந்ததில்லை. செம்புச் சுரங்கத்தில் குனிந்தே வளர்ந்த மனிதர். சபை கூடும் அடிலெய்டில் நாங்கள் தங்கியிருந்த அறையில் சுவருக்குச் சுவர் நடந்தே கம்பளத்தைத் தேய்த்துவிட்டார்.

அந்தக் குளிர்காலத்தில் நடை இன்னும் கூடியது. ஒவ்வொரு சுரங்கத்துக்கும் வெளியேற இரண்டாவது வழி வேண்டும் என்று அவர் கொண்டுவந்த மசோதா வியாழக்கிழமை ஓட்டெடுப்புக்கு வரவிருந்தது. அவர் ஓட்டும் விழுந்தால்தான் ஜெயிக்கும்.

செவ்வாயன்று ஊரிலிருந்து தந்தி வந்தது. சுரங்கக் குழியின் ஒரே வழி சரிந்து மூடிவிட, அதைத் தோண்டித் திறப்பதற்குள் சைலஸ் உள்ளேயே மூச்சுத் திணறிச் செத்துப்போயிருந்தார். சைலஸ் இவருடைய ஜோடி. ஒருவர் உளி பிடிக்க ஒருவர் சம்மட்டி போட்டவர்கள். எங்கள் ஆட்களில் ஒருவன் செத்தால் சவப்பெட்டியின் முன்பக்கம் ஜோடிக்காரன் தோளில்தான் போகும். தோள் கொடுக்கத் தவறியவனை ஊர் மன்னித்ததில்லை. அடக்கமும் வியாழக்கிழமைதான்.

"தள்ளி வைக்கச் சொல்லுங்களேன்."

"எதைடி தள்ளி வைக்க? ஓட்டையா, பிணத்தையா?"

ஓட்டைத் தள்ளிவைக்கக் கேட்டும் பார்த்தார். சுரங்க முதலாளிகளின் ஆட்கள் உள்ள சபையாயிற்றே, முடியாது என்றுவிட்டார்கள்.

"நீங்க இருங்க. நான் போய்ட்டு வரேன்" என்றேன்.

"உன் தோளையா கொடுப்பே? ஊரே என் மூஞ்சில காறித் துப்பும்."

கிளம்பிவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு வழியெல்லாம் அவரோடு பேசவில்லை.

வியாழனன்று சவ ஊர்வலத்தில் ஊரே பாடிக்கொண்டு நடந்தது. இவர்தான் முன்னால் சுமந்தார். மண் போட்டு முடித்ததும் சைலஸின் மனைவி தாமசின் நேரே இவரிடம் வந்தாள். கையைப் பிடித்து அழுவாள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

"ஓட்டு என்னண்ணே ஆச்சு?"

"இன்னிக்குத்தாம்மா."

"அப்ப நீ இங்க என்ன பண்றே?"

இவர் தன் தோளைத் தொட்டுக் காட்டினார்.

"தோள் கொடுக்க இங்க ஊரே நிக்குது. அங்க ஓட்டுப் போட உன்னை விட்டா எங்களுக்கு யார் இருக்கா? திங்கக்கிழமை என் ரெண்டு பசங்களும் அதே குழியிலதான் இறங்கணும்ணே."

மசோதா தோற்ற செய்தி சாயங்காலமே வந்துவிட்டது.

திங்கட்கிழமை அந்தப் பையன்கள் இறங்கினார்கள். அவர்கள் மேலே வரும்வரை ஜேபஸ் குழிவாயிலில் நின்றார். ஓரடிகூட நகரவில்லை.