வைகாசிக் கவாத்து

ஏலச்செடிக்கு வெயிலும் ஆகாது, இருட்டும் ஆகாது. அதனால் வைகாசி பிறந்ததும், மழைக்கு முன்னால், மேலே நிற்கிற பலா, சந்தனவேம்பு மரங்களைக் கவாத்துப் பண்ணிக் கிளைகளைக் கழித்துவிடுவோம். போடிமெட்டுச் சரிவில் எங்களுக்கு இருந்தது ஒரு துண்டுத் தோட்டம். அதை விட்டால் எனக்கும் என் வீட்டுக்காரர் ராஜாராமுக்கும் வேறு போக்கிடம் கிடையாது.

போன வருஷம் நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. பத்துப் பதினைந்து வருஷமாகவே மழை எங்கே சொன்ன நேரத்துக்கு வருகிறது, கொஞ்சம் பொறுத்து வெட்டுவோம் என்றேன். மனுஷன் கேட்டார். பாழாய்ப்போன மழை, அந்த வருஷம் பார்த்துச் சீக்கிரமே வந்து தொலைத்தது. மழையில் மரம் ஏறி வெட்ட முடியாமல், அடர்ந்த நிழலில் காயெல்லாம் அழுகிப் போச்சு.

அன்றிலிருந்து எனக்கு 'வானிலை ஆபீசர்' என்று பட்டம். கீழே எங்கள் ஊர் சிலமலையில் எந்த விசேஷ வீட்டுக்குப் போனாலும் அவர், "ஆபீசரம்மா, இன்னைக்குக் குடை வேணுமா?" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்த வைகாசியில் வெயில் மண்டையைப் பிளந்தது. அவர் அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, ஒரு மழை விழுகட்டும். அப்புறம் வெட்டுவோம்."

"ஒன் பேச்சைக் கேட்டு நாசமாப் போனது போதும். போயி ஒன் சோலியப் பாரு ஆத்தா."

"என்னமும் செஞ்சு தொலைங்க!" என்று வந்துவிட்டேன்.

மரங்களை மொட்டையடித்தார். ஆனி முழுக்க ஒரு சொட்டு விழவில்லை. ஏலச்செடிகள் கருகிச் சாய்ந்தன. மண்ணைப் பிடித்துக்கொண்டிருந்த புல்லும் காய்ந்து, சருகு பொடிந்து காற்றில் போனது. ஆடியில் வந்தது பாருங்கள் மழை! இரண்டு மாசத்துக்கானதை ஒரே நாளில் கொட்டியது. வெறும் மண்ணில் விழுந்த தண்ணீர் சரிவையே வாரிக்கொண்டு போய்விட்டது.

மண் சரிந்து அடைபட்ட மலை ரோடு திறந்ததும் ஜீப்பு ஏறிப் போனோம். வழியெல்லாம் பேச வேண்டியதை மனசுக்குள் அடுக்கிக்கொண்டே வந்தேன். ஒரு வருஷத்துக் கேலிக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டாமா?

போய்ப் பார்த்தால், தோட்டம் இருந்த இடத்தில் பாறை, கழுவிவிட்ட அம்மி மாதிரி. ஓரத்தில் நாலு மரமும் அதற்கடியில் கொஞ்சம் செடியும்தான் மிச்சம்.

அவர் அந்தப் பாறையிலேயே உட்கார்ந்தார்.

"ஜக்கு," என்று பட்டத்தை விட்டு என் பேரைச் சொன்னார். "இந்த நாலு மரத்த வர்ற வைகாசியில வெட்டணுமா, விடணுமா? நீ சொல்லு. நீ சொன்னபடி செய்றேன்."

அடுக்கி வைத்த பேச்சையெல்லாம் அப்படியே விட்டுவிட்டேன். பொறுங்கள் என்றுதான் இரண்டு வருஷமும் சொன்னேன். ஒரு தடவை பலித்தது, ஒரு தடவை கெடுத்தது. மழையைப் பற்றி எனக்கு என்ன தெரிந்தது?

"தெரியலைங்க," என்றேன்.

மண் போனதற்கு அழாத மனுஷன், அதைக் கேட்டதும் அழுதார்.