போனில் எல்லாரும் நலம்

டாக்டர் கலிண்டேவின் மேசையில் அறிக்கை தயாராக இருந்தது. இதய நோயாளிகளை ஒரு வாரம் படுக்கவைத்து, பிறகு மாதாமாதம் ஆஸ்பத்திரிக்கு வரச்சொல்வது பழைய முறை. சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பி, போனில் விசாரித்துக்கொள்வது புது முறை. இரண்டையும் இரண்டு வருஷம் ஒப்பிட்ட ஆய்வில், புது முறையில் சாவு குறைவு என்றது அறிக்கை. தலைநகர் லிலோங்வேயில் நடக்கும் கூட்டம் ஒப்புக்கொண்டால் எல்லா மாவட்டத்திலும் இனி அதுதான்.

ஆய்வைக் கவனித்த நர்ஸ் உலேமு மட்டும் கையெழுத்துப் போடவில்லை. போனில் சொன்னதைச் சில வீடுகளிலாவது நேரில் சரிபார்க்க வேண்டும் என்று வண்டி கேட்டு நடையாய் நடந்தவள் அவள். ஒருநாள் வண்டி அமைச்சரை அழைத்துவரப் போயிருந்தது. இன்னொரு நாள் டீசல் இல்லை. இன்று காலை பொறுமை தீர்ந்து, சைக்கிள் டாக்சியில் தொற்றிக்கொண்டு லாஸ்டன் என்ற நோயாளியின் வீட்டுக்குப் போய்விட்டாள்.

லாஸ்டனின் மனைவி எனிஃபா பாய் விரித்தாள். உலேமு உட்காரும்வரை வாய் திறக்கவில்லை.

“அவர் போய்ச் சேர்ந்துட்டாரும்மா. சோளம் கதிர் விட்ட சமயம், ரெண்டு மாசம் ஆச்சு.”

“போன வாரம் போன்ல நல்லா இருக்காருன்னீங்களே!”

“சாவைப் போன்லயா சொல்லுவாங்க? முகம் தெரியாத ஆளுகிட்ட? நீங்க வந்து உக்காந்தீங்க, சொல்லிட்டேன். ஏன், உங்க ஊர்ல போன்லதான் சொல்லுவாங்களோ?”

உலேமுவின் ஊரிலும் சாவை நேரில் உட்கார்ந்துதான் சொல்வார்கள். அதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பா செத்த சேதியை அண்ணன் பஸ் பிடித்து வந்து, உட்கார்ந்த பிறகுதான் சொன்னான். டாக்டருக்கும் தெரியாத வழக்கமா இது? ஆய்வு என்றதும் எல்லாருக்கும் எப்படி மறந்து போனது?

“ஒரே ஒரு வீடுதானே உலேமு,” என்றார் டாக்டர், ஆஸ்பத்திரிக்குத் திரும்பி அவள் எல்லாம் சொன்னதும். “குறைபாடுகள்னு கடைசியில ஒரு வரி சேர்த்துக்கலாம்.”

“ஒரு வீட்டோட போற விஷயமா இது டாக்டர்? பழைய முறையில யாராவது செத்தா, சொந்தக்காரங்க இங்க வந்து பெஞ்சுல உக்காந்து சொன்னாங்க. அந்தச் சாவெல்லாம் கணக்குல ஏறிடுச்சு. புது முறைக்காரங்களைப் போன்ல மட்டும்தானே கேட்டோம்? செத்தவங்களும் அங்க நல்லாத்தான் இருப்பாங்க. நாம வைத்தியத்தையா அளந்தோம்?”

“உங்கிட்ட நேர்ல சொல்லிட்டவங்க இன்னுமா போன்ல மறைப்பாங்க?” என்றவர் எனிஃபாவின் எண்ணுக்கே போன் போட்டு ஒலியைக் கூட்டிவைத்தார். “லாஸ்டன் எப்படி இருக்காரு?”

“நல்லாத்தான் இருக்காருங்க ஐயா.”

காலையில் அவரைப் புதைத்த மண்மேட்டைக் காட்டிப் பேசிய அதே குரல். டாக்டர் போனை மெல்லக் கவிழ்த்துவைத்தார்.

“கூட்டத்துல என்னன்னு சொல்றது?”

“தெரியலைன்னு.”

“ரெண்டு வருஷம் கழிச்சு தெரியலைன்னா, நாற்காலியோட தூக்கி வெளிய போடுவாங்க.”

“தெரிஞ்ச மாதிரி சொன்னா, படுக்கவேண்டியவங்களை நாமதான் தூக்கி வெளிய போடுவோம்.”

அவர் அறிக்கையை இழுப்பறைக்குள் தள்ளினார். “சரி. எல்லா வீட்டுக்கும் போய்ப் பாரு. ஆனா வண்டி அடுத்த மாசம்தான்.”

“கிழிஞ்சுது!”

வாசலில் சைக்கிள்காரன் இன்னும் நின்றிருந்தான்.

“அண்ணே, நாளைக்கு மலைப்பக்கம் போகணும்.”

“மலையா? ஏத்தத்துல நீங்கதான் இறங்கித் தள்ளணும் சிஸ்டர்.”

“தள்ளித் தொலைக்கிறேன், வாங்க.”