பச்சை முத்திரை

பழைய பணம் வாங்கி விற்கும் லூ பாண்டெலிஸ், இருபது டாலர் தாள்கள் பன்னிரண்டையும் கடை விளக்கடியில் பரப்பினார். பூதக்கண்ணாடியை எடுக்கவே இல்லை. அதுதான் டெல்பர்ட் சிகோராவை முதலில் உறுத்தியது.

"தாளுக்கு இருபத்தஞ்சு தரேன். அதுவும் தெரிஞ்ச மனுஷங்கறதால."

"விளையாடாத லூ. பொன் முத்திரை. முப்பத்துமூணுல அரசாங்கம் தங்கத்தையும், தங்கத்துக்கு ஈடா அடிச்ச இந்தத் தாளையும் கொண்டா கொண்டான்னப்ப எங்கப்பா குடுக்காம ஒளிச்சு வெச்சது."

"தங்கம் இல்ல டெல்பர்ட், பச்சை. பழுப்புன்னா கொஞ்சம் கூடக் கிடைக்கும். தங்கம்னா நானே எழுந்து நின்னு வாங்குவேன். பச்சையை வெச்சு ரொட்டிதான் வாங்கலாம்."

டெல்பர்ட் குனிந்து பார்த்தார். ஈர மணலின் நிறம். எப்போதும் போலத்தான் இருந்தது. இருபத்திரண்டு வயதில் உருக்காலையில் கிரேன் ஓட்டப் போனபோது, வைத்தியர் புள்ளிப் படங்களைக் காட்டி எண்ணைச் சொல்லச் சொன்னார். சொல்ல முடியவில்லை. முப்பத்தொரு வருஷம் உலைக்கடியில் மண்வெட்டியோடு போயிற்று. பச்சையும் மங்கிய பொன்னும் அவர் கண்ணுக்கு ஒன்றுதான். அது அந்த வைத்தியருக்குத் தெரியும். தினமும் காலுறை ஜோடி சேர்த்துக் கொடுத்த மனைவி வெர்னாவுக்குத் தெரியும். தாளில் அச்சிட்டதைப் படித்திருக்கலாம். பணத்தை யார் படிக்கிறார்கள்? வருஷத்துக்கு ஒருமுறை, அப்பா தாள்களைப் போட்டுவைத்த உறையைத் திறந்து ஓரத்தை எண்ணி மூடிவிடுவார்.

வெர்னா இப்போது வெளியே காரில் இருந்தாள். இரண்டு தரம் அடுப்பை எரியவிட்டு மறந்துபோனாள். மறதிக்காரர்களைப் பார்த்துக்கொள்ளும் விடுதியில் முன்பணம் கேட்டிருந்தார்கள்.

லூ ஜன்னல் வழியாகக் காரைப் பார்த்தார். பார்வையை எடுக்காமலே பேசினார்.

"உங்க வீட்டம்மா இங்க வந்திருக்காங்க. ஒம்பது வருஷம் இருக்கும். பன்னிரண்டு பொன் முத்திரை வித்தாங்க. அப்புறம், அதே முகம் போட்ட பழைய தாளா, நல்லா கசங்கினதா பன்னிரண்டு குடுன்னாங்க. 'முத்திரை நிறம் வேறயாச்சே'ன்னேன். 'பரவால்ல, அவருக்குத் தெரியாது'ன்னாங்க. உங்ககிட்ட சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சேன்."

ஒன்பது வருஷம். மகன் கர்டிஸ் போதை மாத்திரைக்கு அடிமையாகி, அம்மாவின் மோதிரத்தைக்கூட விட்டுவைக்காத வருஷம். "அவனுக்கு இனி ஒரு காசு கிடையாது" என்று டெல்பர்ட் சாப்பாட்டு மேசையில் அடித்துச் சொன்னார். பையன் கொலம்பஸ் நகரில் ஒரு போதை மீட்பு இல்லத்தில் இருபத்தெட்டு நாள் இருந்தான். தேவாலயத்தில் யாரோ உதவியதாக வெர்னா சொன்னாள். நாலு மாதம் கழித்து ஒரு பெட்ரோல் பங்க் கழிவறையில் அவனைக் கண்டெடுத்தார்கள். அடக்கம் முடிந்து வரும்போது டெல்பர்ட், "நல்லவேளை, அப்பா காசைத் தொடாம இருந்தோம்" என்றார். வெர்னா தலையாட்டினாள்.

வாய் அப்படிச் சொன்னதே தவிர, உள்ளே வேறொன்று அரித்துக்கொண்டிருந்தது. அந்த உறையைத் திறந்திருந்தால் பையன் பிழைத்திருப்பானோ? ஒன்பது வருஷம் அந்தக் கேள்வியோடு படுத்து எழுந்தார். அதில் ஒரு 'ஒருவேளை'யாவது இருந்தது. இப்போது அதுவும் போயிற்று. பணம் போயிருக்கிறது, பையனும் போயிருக்கிறான். அதை அவள் தனியாக வைத்துக்கொண்டு அவருக்குக் காலுறை எடுத்துக் கொடுத்திருக்கிறாள்.

"முந்நூறு ஆகுது. கூட ஐம்பது போட்டுத் தரட்டுமா?" என்றார் லூ.

"வேணாம்." தாள்களை அள்ளிக்கொண்டு வெளியே வந்தார்.

காரில் ஏறி ஒன்றை அவள் மடியில் வைத்தார். "வெர்னா, இது என்ன நிறம்?"

அவள் அதைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"ஏன் எங்கிட்ட சொல்லல? அவனைக் காப்பாத்த நானும் கூட வந்திருப்பேனே." வந்திருப்பாரா? சொன்ன பிறகுதான் அந்தச் சந்தேகம் வந்தது.

"அழுக்கா இருக்கே டெல்," என்றாள் அவள். கட்டைவிரலை நாக்கில் தொட்டு, சின்னப் பிள்ளையின் கன்னத்திலிருந்து ஜாமைத் துடைப்பதுபோல முத்திரையை மெல்லத் தேய்த்தாள். போகவில்லை. மறுபடி விரலை நனைத்தாள்.