தேர்ந்தெடுக்கப்பட்டவர் கையில் துடைப்பம்

எழுபத்தொரு மணி நேரமாக அத்தானுக்குக் கால் தரையில் பாவவில்லை. இன்று காலை ஒன்பது மணிக்கு நானும் அக்காவும் பிரார்த்தனைக் கூடத்துக்குள் நுழைந்தபோது, அவர் நாற்காலி மேல் ஏறி நின்று மின்விசிறியைத் துடைத்துக்கொண்டிருந்தார். வாயில் சீட்டி. தலையெல்லாம் ஒட்டடை.

எங்கள் கூடம் ஒரு சலவைக் கடையின் மாடியில் இருக்கிறது. கீழே இயந்திரங்கள் சுற்றும்போது மேலே தரை லேசாக நடுங்கும். ஆண்டுக்கு ஒரு முறை எங்கள் அறுபது பேரில் ஒருவரைச் சீட்டுப் போட்டு எடுப்போம். மூன்றாம் நாள் அவர் எல்லோர் முன்னும் நின்று, உலகத்து நாடுகள் ஒவ்வொன்றின் பெயரையும் சொல்லி, அதற்கு ஒரு நன்மை கேட்க வேண்டும். எல்லா நாட்டுக்கும் ராஜா ஒருவரே என்பது எங்கள் நம்பிக்கை. அதனால் ஒரு நாட்டைக்கூட விடக் கூடாது. விட்டால் மறுபடி முதலிலிருந்து. அதோடு அந்த ஆண்டு முழுவதும் கூடத்தைப் பெருக்குவதும் கழிவறை கழுவுவதும் அவர் பொறுப்பு. தேர்ந்தெடுக்கப்பட்டவருக்கு மாலை கிடையாது, துடைப்பம்தான்.

இந்த முறை பாத்திரத்துக்குள் கை விட்டுச் சீட்டு எடுக்கும் வேலை எனக்கு வந்தது. பிரித்தேன். என் பெயர் இருந்தது. பேருந்தில் "இறங்கணும்" என்று சொல்லவே மனதுக்குள் மூன்று முறை ஒத்திகை பார்க்கிறவள் நான். அத்தனை கண்களும் என்மேல். வாயைத் திறந்தேன். அத்தானின் பெயர் வெளியே வந்தது. சீட்டைக் கைக்குள்ளேயே கசக்கிக்கொண்டேன்.

அத்தான் அக்காவைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினார்.

"என்னையாடி? போயும் போயும் என்னையா?"

"இறக்கி விடுங்க முதல்ல. எல்லாரும் பாக்கறாங்க!"

அன்று மாலையே சமையலறைச் சுவரில் உலக வரைபடம் ஏறிவிட்டது. பல் துலக்கிக்கொண்டே அதன் முன்னால் நிற்பார்.

"இந்தத் தீவைப் பாரு, எறும்பு மாதிரி. இதுக்கும் நான்தான் பொறுப்பு."

"அடுப்புல பால் பொங்குது. அதுக்கு யாரு பொறுப்பு?" என்றாள் அக்கா.

பாலைவனத்துக்கு மழை. பனி விழும் நாட்டுக்கு இரண்டு மாதம் கூடுதல் வெயில். பெயரை வாயில் நுழைக்கவே முடியாத ஒரு நாட்டுக்கு, சிரமம் கொடுத்ததற்காக இரண்டு நன்மை. பட்டியல் நோட்டு நிறைந்துகொண்டே போனது. ஒரே ஒரு நாட்டில் முட்டிக்கொண்டு நின்றது.

அத்தான் லிஃப்ட் மெக்கானிக். எங்கள் ஊர்க் கட்டடங்களில் பாதிக்கு அந்த நாட்டு லிஃப்ட்தான். இருபது வருடமாக அவற்றின் அடியில் படுத்து எண்ணெயில் குளித்தவர். ஒரு முறை நாலாவது மாடிக்கும் அஞ்சாவது மாடிக்கும் நடுவில், யாரோ ஒருவருடைய பூனையோடு மூன்று மணி நேரம் மாட்டிக்கொண்டார். பூனை அவரை மன்னிக்கவில்லை. அவர் அந்த நாட்டை மன்னிக்கவில்லை.

"இவங்களுக்குக் கொஞ்சம் மூளை குடு ஆண்டவரே" என்று எழுதினார்.

"இது வரமா, வசவா?" என்றாள் அக்கா.

"ரெண்டும்தான்."

எங்கள் கூடத்தின் தலைவியைக் கடிகாரம் என்றுதான் கூப்பிடுவோம். ஒரு நிமிடம் பிந்தியது கிடையாது. அவர் நோட்டை வாங்கிப் பார்த்து அந்த வரியை அடித்தார்.

"அவங்களுக்கும் அவர்தான் ராஜா. ஒழுங்கா ஒண்ணு கேளுங்க தம்பி."

நேற்று மதியம் அத்தான் அந்த நாட்டு லிஃப்ட் நிறுவனத்தின் புகார் எண்ணுக்கே போன் போட்டார். ஒரு பெண் எடுத்தாள். இருவருக்கும் அரைகுறையாகத் தெரிந்த ஒரு மூன்றாவது மொழியில் பேச்சு நடந்தது.

"புகார் இல்லம்மா. உங்க நாட்டுக்காக வேண்டிக்கப் போறேன். என்ன வேணும்னு சொல்லுங்க."

அவள் இரண்டு முறை திரும்பக் கேட்டு உறுதிசெய்துகொண்டாள். பிறகு சொன்னாள். அவளுடைய அம்மா ஆறாவது மாடியில் இருக்கிறார். முழங்கால் வலி. ஒன்பது நாளாக லிஃப்ட் ஓடவில்லை.

"எங்க கம்பெனி லிஃப்ட்தான்" என்று சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள்.

அத்தான் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு பதினொரு நிமிடம், கதவுப் பக்கம் எந்தக் கம்பியைப் பார்க்கச் சொல்ல வேண்டும் என்று விளக்கினார். போனை வைத்ததும் நோட்டை எடுத்து, அடித்த வரிக்குக் கீழே அந்த அம்மாவின் முழங்காலை எழுதினார்.

"நானா இருந்தா இந்த நாட்டைத் தாண்டிக் குதிச்சு ஓடியிருப்பேன். ஆண்டவர் என் பேரை எடுத்து, பிடிச்சு நிறுத்திட்டார் பாரு."

நான் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவத் தொடங்கினேன்.

இப்போது மணி பத்தாக ஐந்து நிமிடம். நாற்காலிகள் நிரம்பிவிட்டன. முதல் நாட்டின் பெயரைச் சொல்லிவிட்டால் இந்த ஆண்டு அத்தானுடையது; பிறகு மாற்றக் கூடாது. நான் உண்மையைச் சொன்னால் அவர் முகத்தில் இருக்கும் அந்த வெளிச்சத்தை நான்தான் அணைக்க வேண்டும். சொல்லாவிட்டால், ஒரு ஆண்டு முழுவதும் அவர் என் பொய்யின் மேல் நிற்பார். குடிநீரைச் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை. பார்த்த அளவைத்தான் எழுதுவேன். இங்கே ஒன்றைப் பார்த்து வேறொன்றைப் படித்துவிட்டேன். ஒருவேளை என் பயத்தையே பயன்படுத்தி ஆண்டவர் அத்தானை எடுத்துக்கொண்டாரோ என்னவோ. அது அவருடைய கணக்கு. சீட்டு என்னுடையது.

அத்தான் இஸ்திரி போட்ட சட்டையில் முன்னால் வந்து நின்றார். காதுவரை சிரிப்பு.

"என்னைவிட நல்லவங்க இங்க அம்பத்தொன்பது பேர் இருக்கீங்க. ஆனா அவர் ஆள் மாறி எடுக்க மாட்டார். அந்த தைரியத்துலதான் நிக்கறேன்."

எல்லோரும் கைதட்டினார்கள். அவர் நோட்டைத் திறந்தார். மூச்சை இழுத்தார்.

நான் எழுந்தேன். என் நாற்காலி பின்னால் சாய்ந்து தடாரென்று விழுந்தது.

"என்னம்மா, பாத்ரூமா?" என்றார் கடிகாரம்.

கூடமே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கவே முடியாத சிரிப்பு. ஒத்திகை எதுவும் பார்க்கவில்லை.

"அத்தான், நிறுத்துங்க. அந்தச் சீட்டுல உங்க பேரு இல்ல. என் பேருதான் இருந்துச்சு."