கடலுக்கு முதுகு காட்டிய வீடு

சாந்தோமில், கடற்கரைக்குக் கூப்பிடு தூரத்தில் ஒரு வீட்டைக் கட்டிவிட்டு, கடல் பக்கம் ஒரு ஜன்னல்கூட வைக்காமல் போன புண்ணியவான் வில்கின்ஸ் துரை. அவர் ஊரில் காற்று என்றால் எலும்பைக் குத்தும் குளிர். அதனால் இங்கிலாந்தில் அப்பா வாழ்ந்த பண்ணை வீட்டை நினைவிலிருந்து வரைந்தார். பல்லாவரத்துக் கருங்கல்லை வண்டி வண்டியாக இறக்கினார். இரண்டடி கனத்துக்குச் சுவர் எழுப்பி, பனி வழுக்கி விழ வசதியாகச் சரிவான கூரையும் போட்டார். மெட்ராஸில் பனிக்கு எங்கே போவது? நாலே நாலு கோடை உள்ளே வெந்துவிட்டு, வீட்டைத் தன் குமாஸ்தாவுக்கே விற்றுவிட்டு, குன்னூருக்கு ஓடிப்போனார்.

அந்தக் குமாஸ்தாவின் கொள்ளுப்பேத்திதான் ஐரின். கணக்கு டீச்சர். நாற்பத்தாறு வருஷமாக அந்தக் கூடத்தில் விசிறி மட்டையும் கையுமாகக் கிடந்தவள். ஆனாலும் வீட்டைப் பற்றி வெளியாள் யாராவது ஒரு வார்த்தை சொல்லட்டும், மூக்கின் மேல் கோபம் வந்துவிடும்.

எழுபத்து மூன்றாம் வருஷம், வீட்டை விற்றே தீரவேண்டும் என்று அண்ணன் ஸ்தனிஸ்லாஸ் ஒற்றைக்காலில் நின்றார். அவருக்கும் பாதி உரிமை உண்டே, என்ன செய்வது? இரண்டு பேர் கேட்டு வந்தார்கள். ஒருத்தர், இடித்துவிட்டு நாலு மாடி கட்டப்போவதாக வாசலிலேயே சொன்னார். இன்னொருத்தர் தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் நல்லசிவம். திருநெல்வேலிக்காரர். கல்லைத் தடவிப் பார்த்து, குடும்பத்தோடு இங்கேயே குடிவரப் போகிறேன் என்றார். ஐரினுக்கு அப்போதே மனசு அவர் பக்கம் சாய்ந்துவிட்டது. வீடு கைவிட்டுப் போனால் போகட்டும், தரைமட்டமாகக் கூடாது. அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஆனால் நல்லசிவத்தின் பையில் டேப் இருந்தது. மனையடி சாஸ்திரம் பார்க்காமல் அவர் மாட்டுக்கொட்டகைகூட வாங்கமாட்டார். வீட்டின் அகலம் முழுக்க ஓடிய கூடத்தைக் கிழக்கு மேற்காக, சுவருக்குச் சுவர் அளந்தார். அளந்ததும் முகம் தொங்கிப்போயிற்று.

"பதினெட்டடி ஆகாது, டீச்சரம்மா. குடியிருக்கிறவன் வெளங்க மாட்டான். இருபது இருந்தா கண்ணை மூடிக்கிட்டு வாங்கிருவேன்."

நாலு மாடிக்காரரைத் திங்கட்கிழமை வரச் சொல்லிவிட்டேன் என்றார் ஸ்தனிஸ்லாஸ், அன்று சாயங்காலமே.

ஐரினுக்குச் சோறு இறங்கவில்லை. கையாலாகாத ஆத்திரத்தில் தானே ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு வீட்டை வெளியிலிருந்து கிழக்கு மேற்காக அளந்தாள். இருபத்து நாலடி. இரண்டு பக்கச் சுவருக்கும் நாலடி கழித்தால் உள்ளே இருபது இருக்கவேண்டும். இருப்பதோ பதினெட்டு. மீதி இரண்டடியை எந்த மகராசன் தின்றான்? பிள்ளைகள் விடையில் அரைக்கால் குறைந்தாலே விடாதவள் அவள்.

கூரை மேல் பாதி சரிந்த புகைபோக்கி ஒன்று, காக்காய்கள் உட்கார வசதியாக நின்றது. அந்தக் காலத்துப் புயலில் அதன் கிழக்குப் பக்கம் இடிந்து, கூடமெல்லாம் மழை கொட்டியதாகவும், கொள்ளுத்தாத்தா ஏதோ அடைத்துச் சரிபண்ணியதாகவும் வீட்டில் சொல்வார்கள். அது கீழே எங்கே வந்து இறங்குகிறது என்று மட்டும் ஒருவரும் கேட்டதில்லை. ஐரின் மேற்குச் சுவர் நெடுகத் தட்டிக்கொண்டே போனாள். மூலைக்கு மூலை டொக்கு டொக்கென்று கேட்டது. கொள்ளுத்தாத்தா சரிபண்ணிய லட்சணம் இதுதான்: ஒரு ஓட்டையை அடைக்கச் சுவர் முழுக்க இன்னொரு சுவர்!

சுவரை இடித்து வைத்தால் வாங்க வருகிறவன் ஓடிப்போய்விடுவான் என்று அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். சனிக்கிழமை காலையில் கடப்பாரையை எடுத்தவள், ஞாயிறு பூசைக்குத்தான் கீழே வைத்தாள். சுண்ணாம்புச் சுவர் பொலபொலவென்று உதிர்ந்தது. அதற்குப் பின்னால் ஒரு கை இடைவெளி, அப்புறம் வில்கின்ஸ் துரையின் கருங்கல். கடைசியாக இடிந்த தென்மேற்கு மூலையில் ஆள் குனிந்து நுழையலாம் போல ஒரு பொந்து. குளிர் காய நெருப்பு மூட்டும் இடம்.

ஐரின் சொல்லியனுப்பி, ஞாயிறு மதியம் நல்லசிவம் மனைவி சண்முகவடிவோடு வந்தார். அளந்தார். இருபதடி, அங்குலம் பிசகாமல். வாயெல்லாம் பல்லாகத் திரும்பியவர், பொந்தைப் பார்த்ததும் நின்றார். இது என்ன என்று கேட்டார்.

பொய் சொல்லியிருக்கலாம். சாமி மாடம் என்றால் நம்பியிருப்பார். ஐரின் உள்ளதைச் சொன்னாள்.

"கன்னிமூலையில தீயா?" நல்லசிவம் டேப்பைச் சுருட்ட ஆரம்பித்தார். போச்சு, எல்லாம் போச்சு என்றது ஐரினின் மனசு.

அதுவரை வாயே திறக்காத சண்முகவடிவு, பொந்துக்குள் எட்டிப் பார்க்கப் போனவள், அங்கேயே நின்றுவிட்டாள். முந்தானை படபடவென்று அடித்துக்கொண்டது.

"ஏங்க, இங்கன வந்து நில்லுங்க. தீ எங்க இருக்கு? காத்துல்லா வருது!"

கிழக்கே இடிந்து வாய் பிளந்த புகைபோக்கி, மதியக் கடல் காற்றை அப்படியே பிடித்துக் கூடத்துக்குள் இறக்கிக்கொண்டிருந்தது. நல்லசிவம் வந்து நின்றார். மேல்துண்டு பறந்தது. காற்று வருகிற வழிக்குச் சாஸ்திரத்தில் தடை இல்லை என்று அவரே தீர்ப்புச் சொல்லி, அடுத்த வாரமே பத்திரம் என்றார். ஸ்தனிஸ்லாஸ் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை.

ஐரினும் போய் நின்றாள். வியர்த்த கழுத்தில் காற்று பட்டது. வீடு பிழைத்த சந்தோஷமும், இத்தனை வருஷம் இது சுவருக்குப் பின்னாலேயே இருந்ததே என்ற வயிற்றெரிச்சலும் ஒன்றாக வந்து, கண்ணில் நீர் கட்டிவிட்டது.

"சாவி மட்டும் ஒரு மாசம் கழிச்சுத் தர்றேனே," என்றாள்.

"எதுக்கு டீச்சரம்மா? சாமான் ரொம்ப இருக்கோ?" என்றாள் சண்முகவடிவு.

"சாமான் என்ன சாமான். இங்க கொஞ்சம் உக்காரணும்."