பன்னிரண்டு கேள்விகளுக்கு வெளியே

1968-இல் பம்பாயில் ஒரு தொழிலதிபர் சங்கத்தில் ஷ்யாமளா ஸ்டெனோவாக இருந்தாள். குஜராத்தும் மைசூரும் தொழிற்சாலைகளைத் தங்கள் பக்கம் அழைத்துக்கொண்டிருந்த சமயம். பம்பாயைப் பற்றி முதலாளிகள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டு வரச் சொல்லி, செயலாளர் மகாதேவன் பன்னிரண்டு கேள்விகளை அச்சடித்துக் கொடுத்தார். வீடு தாராவியை அடுத்த மாட்டுங்காவில் என்பதால் அந்தப் பகுதி அவள் பங்குக்கு வந்தது.

ஜெயினுலாப்தீனின் தோல் பட்டறைக்குள் அவள் மூக்கைப் பொத்தாமல் நுழைந்தாள். அவர் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"நிலம் எங்க சுலபமா கிடைக்கறது? இங்கயா, குஜராத்லயா?"

"குஜராத்துதாம்மா."

"தண்ணி?"

"அங்கதான்."

"வரிச் சலுகை?"

"அதுவும் அங்கதான்."

உள்ளே தோல் சீவும் சத்தம் குறைந்துகொண்டே வந்து நின்றுபோயிற்று. பதினெட்டு வருஷமாக அங்கே மேஸ்திரியாக இருக்கும் கோமதிநாயகம் கையைத் துடைத்தபடி வந்தார்.

"மொதலாளி, போகப் போறியளா? சொல்லிருங்க. பிள்ளையள இங்கதான பள்ளிக்கூடத்துல சேத்திருக்கோம்."

ஜெயினுலாப்தீன் அவர் பக்கம் திரும்பினார்.

"போன மாசம் கலியாணத்துக்குப் போறேன்னு சொன்னேன்லா. கலியாணமில்ல, நாயகம். அங்க எடம் பாக்கத்தான் போனேன். ரோடு, கரண்டு, எல்லாம் இருக்கு. ஆனா மெஷின்ல ஒரு பல்லு ஒடஞ்சா சூரத்துக்கு ஓடணும். இங்க மூணாவது வீட்டுல கொல்லுப்பட்டற சேசுராஜ் அடிச்சுத் தந்துருவான். தோலத் தொட்டுப் பாத்தே பதம் சொல்லுத ஒம்ம கைய அங்க எங்க போய்த் தேட? வேண்டாம்னு வந்துட்டேன்."

"எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா."

"ஒங்கள விட்டுட்டுப் போக நெனச்சத எப்படிச் சொல்ல? வெக்கமா இருந்துது."

கோமதிநாயகம் உள்ளே போனார். கொஞ்ச நேரம் கழித்து வேலை மறுபடி தொடங்கியது.

இந்தப் பதிலை எழுதப் படிவத்தில் இடமில்லை. ஷ்யாமளா பின்பக்கத்தில் எழுதிக்கொண்டாள்.

மகாதேவன் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எல்லாத்துக்கும் குஜராத்னுட்டு, போகமாட்டேங்கறாரா?"

"ஏன் இங்கயே இருக்கேள்னு நாம கேக்கவே இல்லையே, சார்."

அறிக்கையின் அட்டவணையில் குஜராத்தான் முதலில் வந்தது. அதன் கீழே பின்பக்கத்துப் பதிலை ஒரு வரி குறைக்காமல் சேர்க்கச் சொன்னார் மகாதேவன். ஆங்கிலத்தில் அச்சான பிரதியோடு ஷ்யாமளா ஒரு சனிக்கிழமை தாராவிக்குப் போய், கோமதிநாயகத்துக்கு அவர் கையைப் பற்றிய அந்தப் பதிலைத் தமிழில் சொன்னாள். அவர் முழுதும் கேட்டுவிட்டு, "டீ குடிச்சிட்டுப் போங்கம்மா" என்றார்.